விமான டிக்கெட் வந்த வழி



நம் பாகலூர்ப் பக்கத்து ரோஜாப்பூ விமானம் ஏறி வெளிநாடு போகத் தொடங்கிப் பல வருடம் ஆயிற்று. இப்போது பூ வளர்த்தவர்களும், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் பேரன் பேத்தியைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். "எந்த பிளைட்டுல போட்டா நல்லதுங்க?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமானால், டிக்கெட் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கதை 1953இல் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போன விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேயர் ஸ்மித்தும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 'சேபர்' என்ற கம்ப்யூட்டர் முன்பதிவு முறை. 1964இல் அது முழு அளவில் ஓடியது. 1976இல் டிராவல் ஏஜெண்டுகளின் மேஜைக்கும் வந்தது.

வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. திரை யாருடையதோ, அவர்களுடைய விமானம் முதல் வரியில் வரும்! அவசரத்தில் இருக்கும் ஏஜெண்டு மேலே தெரிவதைத்தானே பதிவு செய்வார்? மற்ற கம்பெனிகள் கூச்சல் போட, 1984இல் அமெரிக்க அரசு இந்தப் பாரபட்சத்தைத் தடை செய்தது. 2004இல் அந்த விதிகளும் விலக்கப்பட்டன.

அதற்குள் திரை நம் வீட்டுக்கே வரத் தொடங்கிவிட்டது. 1996இல் எக்ஸ்பீடியா, டிராவலாசிட்டி. 2000இல் அமெரிக்க வாழ் இந்தியருக்காக மேக்மைட்ரிப், 2005இல் அதுவே இந்தியாவுக்குள்ளும். எம்.ஐ.டி. கம்ப்யூட்டர்காரர்கள் தொடங்கிய ஐ.டி.ஏ. நிறுவனத்தை 70 கோடி டாலருக்கு வாங்கிய கூகுள், 2011இல் தன் விமானத் தேடலைத் திறந்தது.

நமக்கு மறக்க முடியாத வருடம் 2008. மே 24இல் பெங்களூரின் புதிய விமான நிலையம் தேவனஹள்ளியில் திறந்தது. நமக்குக் கிட்டத்திலிருந்த எச்.ஏ.எல். நிலையத்தில் பயணிகள் சேவை நின்றது. எட்டே நாளில், ஜூன் 1 முதல், உலகெங்கும் காகித டிக்கெட் போய் மின்டிக்கெட் முறை வந்தது. ஏஜெண்டு தூரமானார், விமான நிலையமும் தூரமாயிற்று! புது நிலையத்துக்குப் பக்கத்திலேயே கர்நாடகத்துப் பாகலூர் ஒன்று இருப்பது இன்னொரு கூத்து. வாடகைக் காருக்கு ஊர்ப் பெயரைத் தட்டும்போது மாநிலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றே: முதல் வரி நமக்காக எழுதப்பட்டதல்ல. திரைக்கு விலை தெரியும், மணி தெரியும். அம்மாவின் முழங்கால் வலி தெரியாது. பழைய ஏஜெண்டு "அம்மாவால நடக்க முடியுமா?" என்று கேட்பார். இன்று அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் ரூபாய் குறைவு என்று ஐம்பது நிமிடத்தில் விமானம் மாறும் டிக்கெட்டைப் பெரியவர்களுக்குப் போடாதீர்கள். வழி முழுதும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால் மாற்று ஏற்பாடு கம்பெனியின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட் என்றால் பொதுவாக அது நம் தலையில்தான். சக்கர நாற்காலியை முன்பே கேட்டு வையுங்கள். இடையில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்றும் பாருங்கள். 12ஆம் தேதி விடியற்காலை 2 மணி விமானம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்புவது 11ஆம் தேதி மாலை!

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். அது வரும்போது வரட்டும். அதுவரை, விவரம் தெரிந்த நம் தோழர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, கூட உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.