குருத்தோலையும் கைப்பிடி அரிசியும்

1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்த மார்ட்டின் லுத்தர் மனம் நொந்து திரும்பினார். கிராமத்து மக்கள் பலருக்குப் பத்துக் கட்டளையும் தெரியவில்லை, கர்த்தருடைய ஜெபமும் தெரியவில்லை. குருமார் சிலருக்கே அவை அரைகுறை. மறு ஆண்டு அவர் எழுதிய ஞானோபதேசச் சிறுநூலில், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு இதை எளிமையாக எப்படிக் கற்பிப்பது என்ற குறிப்பு பகுதிக்குப் பகுதி வருகிறது. காலையில் எழுந்ததும் சொல்லும் ஜெபம், படுக்கப் போகும்போது சொல்லும் ஜெபம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லும் நன்றி ஆகியவையும் அதில் உண்டு.

அந்த மரபில் வளர்ந்த மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கின் தாய் சாகும் தறுவாயில் பிள்ளைகளை அழைத்து, அவர்களுக்கென்று வேதாகமத்தில் ஒரு பொக்கிஷம் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. தரங்கம்பாடிக்கு வந்த புதிதில் அவர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். லுத்தரின் அந்தச் சிறுநூலைத் தமிழாக்கியவரும் அவரே. தமிழ்ச் சீர்திருத்தச் சபை வீட்டுத் தரையிலிருந்து எழுந்த சபை என்று நான் சொல்வது இதனால்தான். வளர்ப்பு என்றதும் ஓய்வுநாள் பாடசாலையை மட்டும் நினைத்துக்கொள்வது பிற்காலத்துப் பழக்கம். அந்தப் பாடசாலை இயக்கமே 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கி வைத்த பிறகு பரவியதுதான்.

திருநெல்வேலிச் சீமையில் அந்த வளர்ப்பின் நாடி குடும்ப ஜெபம். இரவு எட்டு மணிக்குப் பாய் விரிப்பார்கள். ஆச்சி ஒரு கீர்த்தனையை எடுப்பார். எடுத்த சுருதி யாருக்கும் எட்டாது, இருந்தாலும் அதிலேயே பாடி முடிப்பார்கள். தாத்தா ஒரு அதிகாரம் வாசிப்பார். வம்ச அட்டவணை வந்தாலும் ஒரு பெயரைக்கூட விடமாட்டார். அதற்குள் கடைக்குட்டிக்குத் தூக்கம் சொக்கும். "ஏலே ராசா, இன்னைக்கு நீதான் ஜெபிக்கணும்" என்று ஆச்சி தட்டி எழுப்புவார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெள்ளாட்டுக்குக் கால் சரியாகணும், கணக்குப் பரீட்சையில் வாத்தியார் அடிக்கக் கூடாது, ஆமென் என்று ஒரே மூச்சில் முடிப்பான். பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிதானமாக ஆமென் சொல்வார்கள். தான் சொல்வதையும் இந்த வீடு கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று பிள்ளைக்குத் தெரிகிற இடம் அது. எந்தப் பாடப் புத்தகத்தாலும் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

நாளுக்கு ஒரு குடும்ப ஜெபம் என்றால், ஆண்டுக்குத் திருச்சபை நாட்காட்டி. தெற்கத்திப் பனங்காட்டு ஊர்களில் லெந்து காலம் பதநீர்க் காலத்தோடு சேர்ந்தே வரும். பனையேறி இறக்கித் தரும் குருத்தோலைதான் குருத்தோலை ஞாயிறுக்கு. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பார்க்க வேண்டும். ஓலையை ஈர்க்கிலிருந்து கிழித்து, ஒரு கீற்றை நிறுத்திப் பிடித்து, இன்னொன்றைக் குறுக்கே மடித்துச் சொருகிச் சிலுவை செய்வார்கள். பிள்ளையின் கையில் அது முதலில் கோணலாகத்தான் வரும். அம்மா பிரித்து மறுபடியும் கொடுப்பார். மூன்றாவது ஓலையில் சிலுவை நேராக நிற்கும். பவனி முடிந்ததும் அது வேதாகமத்துக்குள்ளோ சுவர் ஆணியிலோ ஓர் ஆண்டு தங்கிக் காய்ந்துபோகும். கத்தோலிக்க மரபில் அப்படிக் காய்ந்த ஓலையை எரித்த சாம்பலைத்தான் அடுத்த சாம்பல் புதன் அன்று நெற்றியில் இடுவார்கள். குருத்தோலை ஞாயிறு வாரத்துப் பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், முடிந்ததும் கஞ்சி. ஏழு பிரசங்கத்தில் ஒன்றுகூடப் பிள்ளைக்கு நினைவிருக்காது. பசியோடு கோயிலில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். அந்த வயதுக்கு அது போதும் என்பது என் கட்சி. ஞாயிறு விடியுமுன் எழுப்பி, குளிப்பாட்டி, இருட்டில் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனால் உயிர்த்தெழுதலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் முதல் பூசணியும் நாட்டுக்கோழியும், டிசம்பர் இரவுகளின் கீத பவனி, முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த வசனம் என்று ஆண்டு உருண்டுவிடும். கிறிஸ்துமஸுக்குச் சுடும் முந்திரிக்கொத்தையும் அச்சு முறுக்கையும் தட்டில் மூடி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோவது பிள்ளைகளின் வேலை. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அந்த வீட்டுத் தட்டுகள் நம் வீட்டுக்கு வரும். அயலானை நேசிப்பது பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டாலும், அடுத்த வீட்டு வாசலில் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைக்குத்தான் அது பிடிபடும்.

கைப்பிடி அரிசியும் அப்படித்தான். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துப் பானையில் போட்டுவைத்து, ஊழியத்துக்குக் கொடுப்பது. பானையில் போடும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடும் வீடுகள் உண்டு. மிசோரமில் 1910இல் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். இன்றும் அங்குள்ள சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று அது. நம் பக்கத்தில், 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வே. ச. அசரியா, வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த போதகர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவரைத் தாய்தான் வளர்த்தார். 1912இல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். கொடுத்துப் பழகிய வீடுகள் இல்லாமல் அந்தச் சங்கம் ஓர் ஆண்டுகூட நின்றிருக்காது.

வீடு என்றால் பெற்றெடுத்தவர்கள் வீடு மட்டுமல்ல என்பதற்கு டோனாவூர்க் குழந்தைகள் இல்லம் சாட்சி. பிறந்த தேதி தெரியாத குழந்தைகளுக்கு, அங்கே வந்து சேர்ந்த நாளையே பிறந்த நாள்போல் கொண்டாடச் செய்தார் அதை நடத்திய ஏமி கார்மைக்கேல். 1951இல் அவர் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக்கல் வைக்கவில்லை. பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள்.

பெருமையோடு நிறுத்திக்கொள்வது சிறப்பு மலர்களின் வழக்கம். ஆனால் வளர்ப்பைப் பற்றிப் பேசவந்துவிட்டு, சபையார் கூடிச் சமைத்து உண்ணும் அசனத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அசனத்துக்கு முந்தின இரவு முழுக்கக் கோயில் வளாகத்தில் அடுப்பு எரியும். பிள்ளைகள் வெங்காயமும் பூண்டும் உரிப்பார்கள். ஆண்கள் அண்டாவில் கறிக்குழம்பு கிளறுவார்கள். காலையில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தூக்குவாளியில் வீட்டுக்கும் போகும். அதே பிள்ளை அன்று மாலை கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, அக்காவுக்கு வந்த வரனைப் பற்றிப் பெரியவர்கள் முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பந்தியில் கற்றதைக் கூடம் அழித்துவிடுகிறது.

சாதி பார்க்கும் இந்த நோய் இன்றையதல்ல. 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் எழுதிய 40 பெயர்களில் பல சாதியினர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தா என்ற பெண்ணுடையது. ஆனால் 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பன்னிரண்டு வயதில் அழைத்துச் சென்று வளர்த்த வேதநாயக சாஸ்திரியார், நம் வீடுகளில் இன்றும் பாடும் அருமையான கீர்த்தனைகளைத் தந்தவர், சாதி வேற்றுமைக்காக வாதாடிய பக்கத்தில் நின்றார். அவர் பாடல்களை நான் தினமும் பாடுகிறேன். இந்தக் காரியத்தில் அவர் பக்கம் நிற்க மாட்டேன். இரண்டையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறை சிறியது, ஆனால் எங்கும் இருக்கிறது. மனப்பாட வசனத்துக்குப் பரிசு, வேதபாடத் தேர்வுக்கு மதிப்பெண், மேடையில் கோப்பை என்று விசுவாசமும் ஒரு பரீட்சையாகிவிட்டது. சென்னை, பெங்களூர் அடுக்ககங்களில் ஞாயிறு காலை டியூஷனுக்குப் போய்விடுகிறது. இரவு எட்டு மணி ஆளுக்கொரு செல்போனுக்கு. பனைமரம் இல்லாத ஊரில் குருத்தோலைக்கு எங்கே போவது என்பார்கள். கோயில் வாசலில் கொடுக்கும் ஒரு கீற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கச் சொல்லிக் கொடுக்கப் பனங்காடு வேண்டியதில்லை.

இந்த மலரைப் படிக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். வருகிற அட்வெந்து முதல் ஞாயிறிலிருந்து இரவில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாட்டைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அது செய்யும் ஜெபத்தைத் திருத்தாதீர்கள். சம்பந்தம் பேசும்போது, அசனப் பந்தியில் கேட்காத கேள்வியைக் கூடத்திலும் கேட்காதீர்கள்.