மெக்கார்த்தியும் வெட்டப்பட்ட புகைப்படமும்

1950 பிப்ரவரி 9. வெளியுறவுத் துறையில் வேலை பார்க்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக வீலிங் நகரக் கூட்டத்தில் சொன்னார் அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி. முதலில் 205 பேர் என்று செய்தி வந்தது. பிறகு 57. செனட்டில் பேசியபோது 81! (எண்தான் மாறியதே தவிர, பட்டியல் வெளியே வரவில்லை.)

1953-ல் அவர் செனட் விசாரணைத் துணைக்குழுவின் தலைவரானார். அரசு நிர்வாகத்தின் குறைகளை விசாரிக்க வேண்டிய குழு, ஆள் வேட்டையில் இறங்கியது. பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை ஒரு சாட்சி பயன்படுத்தினால் அதுவே குற்றத்துக்கு அத்தாட்சி! பலருக்கு வேலை போனது.

அடுத்த ஆண்டு மோதல் ராணுவத்தோடு. தன் உதவியாளர் ராய் கோனின் நண்பரான ஷைன் என்ற சிப்பாய்க்குச் சலுகை கேட்டு மிரட்டினார் என்பது ராணுவத்தின் புகார். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த விசாரணையைத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. ராணுவச் செயலர் ஸ்டீவன்ஸும் ஷைனும் தனியாக, நெருக்கமாக நிற்கும் ஒரு படம் மெக்கார்த்தி தரப்பிலிருந்து வந்தது. மறுநாளே ராணுவ வழக்கறிஞர் ஜோசப் வெல்ச் முழுப் படத்தை எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற விமானப்படை அதிகாரியை வெட்டி எடுத்திருந்தார்கள்!

வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் மக்கள் பார்த்தார்கள். மெக்கார்த்தியின் செல்வாக்கு சரிந்தது.

டிசம்பர் 2-ல் 67-க்கு 22 என்ற வாக்கில் செனட் அவரைக் கண்டித்தது. எதற்காக? செனட்டின் குழுக்களை அவமதித்ததற்காக. வேலை இழந்த சாட்சிகளைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை.