பாடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்தால் எல்லாரும் தூங்கப் போவார்கள். மார்கழி, தை மாதங்களில் நான் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். பையில் பைனாகுலரும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.

நடையை ஒல்லாந்தர் கல்லறையில் தொடங்குவேன். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அருகில்தான் 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை. இன்று முள்புதர் மூடிய மேடும் அகழியும் மிச்சம். 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்துக்கு இதுவே அவர்களின் தலைமையிடம். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைக்குட்டை, ஐரோப்பாவில் இந்த ஊரின் பெயராலேயே விற்றது. அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கடல் கடந்த பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். அந்த அகழிக் கரையில் நிற்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது.

அங்கிருந்து ஏரிக்கரைக்குச் சிறிது தூரம்தான். ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பு இது. இறாலும் மீன்குஞ்சும் பெருகுவது அந்தக் கலப்பினால். பறவைகள் தேடி வருவதும் அதைத்தான். சேற்றின் விளிம்பை உள்ளான்கள் குத்திக் கிளறும். முழங்கால் ஆழத்தில் பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டும். அதற்கும் அப்பால் கூழைக்கடாக்கள் மிதந்தபடி மீனை வாரும். தமிழ்நாட்டுப் பக்கம் சரணாலயமானது 1980இல். அதற்கு வெகுகாலம் முன்பே காலுக்கும் அலகுக்கும் ஏற்ப இந்தத் தண்ணீரைப் பறவைகள் பங்கிட்டுக்கொண்டுவிட்டன.

மனிதர்களின் பங்கீட்டை ஒரு தை மாதக் காலையில் தெரிந்துகொண்டேன். நல்ல இறால் நேரம். பெரியவர் ஒருவர் படகைக் கட்டிப்போட்டு வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“போகலையாண்ணே?”

“இன்னிக்கு நம்ம பாடு இல்ல தம்பி.”

இறால் வலை கட்டும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, முறை மாற்றி மீன்பிடிக்கும் பழைய வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனக்குறையும் இந்தக் கரையில் உண்டு. ஆனாலும் ஒருவரே ஏரியை வழித்தெடுத்துவிடாமல் காத்தது அந்தக் கட்டுப்பாடுதான். மூன்று ஷிப்டில் வேலை பார்க்கும் எனக்கு அது சட்டென்று புரிந்தது. என் முறை முடிந்தால் எந்திரம் அடுத்தவன் கைக்குப் போக வேண்டும்.

இந்தத் துறை தமக்கு மட்டும் என்று கோட்டை கட்டியவர்கள் கல்லறையை விட்டுச் சென்றார்கள். முறை வைத்து வாழ்ந்தவர்கள் இன்னும் வலை பொத்துகிறார்கள். முகத்துவாரம் மணலால் தூர்கிறது. தெற்கே துறைமுகங்கள் எழுந்துவிட்டன. இந்த ஏரியைத் தொட நினைக்கும் எவரும், படகு இருந்தும் இறங்காமல் அமர்ந்திருந்த அந்தப் பெரியவரிடம் முதலில் பாடம் கேட்க வேண்டும்.