நடுக்குவாதமும் பூனைக்காலி விதையும்

முதுமை வந்தால் கை நடுங்கத்தான் செய்யும் என்று சொல்லி அமைதி கொள்வது நம்மவர் வழக்கம். அந்த அமைதியின் மறைவில் ஒரு நோய் பல ஆண்டுகள் இனங்காணப்படாமலே வளர்ந்துவிடுவதுண்டு. ஓய்வாக மடியில் கிடக்கும் கை தானே நடுங்குகிறது, எழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது, நடை சுருங்குகிறது, சிரிப்பும் சினமும் தோன்றாமல் முகம் உறைகிறது, சட்டைப் பொத்தானை மாட்டுவதே பெரியதொரு வேலையாகிவிடுகிறது. இதனை ஆயுர்வேத நூலார் கம்பவாதம் என்றனர். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். மேனாட்டு மருத்துவம் பார்க்கின்சன் நோய் என்கிறது. இந்நோய்க்கு மருந்து தேடிய வரலாற்றில் நம் நாட்டுச் செடிகள் இரண்டுக்கும், சென்னைக்கும், நம்மவர் பலர் குடியேறி வாழும் பெங்களூருக்கும் பங்குண்டு. நாட்டு மருந்தா, ஆங்கில மருந்தா என்று கலங்கி நிற்கும் குடும்பங்களுக்கு அவ்வரலாறு வழிகாட்டவும் கூடும்.

பண்டைய மருத்துவர்கள் இந்நோயைக் கண்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. மாதவ நிதானம் என்னும் வடமொழி நூல், உடல் முழுவதும் தலையும் நடுங்கும் வாத நோயை வேபது என்று பெயரிட்டுக் கூறுகிறது. தெலுங்கு நாட்டில் தோன்றிய பசவராஜீயம் கம்பவாதத்தின் குறிகளை அடுக்கும்போது, கைகால் நடுக்கத்தோடு உறக்கம் கெடுதலையும் அறிவு தளர்தலையும் சேர்த்தே சொல்கிறது. இது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்சு பார்க்கின்சன் ஆறு நோயாளரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டே குறிப்பெடுத்தார். அந்நோயைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமை அவருடையதே. ஆயினும், இந்நோயில் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று அவர் எழுதினார். உறக்கக் கேடும் நினைவுத் தளர்ச்சியும் நோயாளர் பலரிடம் காணப்படுகின்றன என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. இவ்வொரு செய்தியில் பழைய நூலாரின் பார்வை நுட்பமாக இருந்தது.

நோயைக் காண்பது வேறு. அதன் காரணத்தை அறிவது வேறு. அக்காரணம் புலப்படுவதற்குத் துணை நின்றது நம் நாட்டு வேர் ஒன்று. அதுவே சர்ப்பகந்தி. 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் இரத்தக் கொதிப்பையும் மனக் கலக்கத்தையும் தணிப்பதை எழுதினர். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் பயனை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். உலகெங்கும் மனநோய் மருத்துவமனைகளில் அது வழங்கலாயிற்று. அப்போது ஒரு புதிர் தோன்றியது. ரெசர்பின் உண்டவருள் சிலருக்குக் கை நடுங்கிற்று, உடல் விறைத்தது, முகம் உறைந்தது. மருந்தே நடுக்குவாதத்தின் சாயலை உண்டாக்கியது.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து, அவை அசைவற்றுக் கிடக்கக் கண்டார். பின்னர் அவற்றுக்கு லெவோடோபா என்னும் பொருளைச் செலுத்தவே, அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் என்னும் இரசாயனப் பொருள் குறைவதே அசைவின்மைக்குக் காரணம் என்பதும், லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது என்பதும் இவ்வாறு வெளிப்பட்டன. இதற்காக 2000ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த லெவோடோபா எங்கே இருந்தது? நம் வேலியோரங்களிலேயே இருந்தது. பூனைக்காலி என்று நாம் அழைக்கும் கொடியைக் கன்னடத்தார் நசுகுன்னி என்பர். அதன் காயின் மேலுள்ள சுணை பட்டால் உடலெங்கும் அரிக்கும். அதன் விதையை உடல் வலுவுக்கும் ஆண்மைக்கும் வாதத்தைத் தணிப்பதற்கும் உரியதென நம் வைத்தியர்கள் போற்றிவந்தனர். 1913இல் குகன்ஹைம் என்னும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒருவகை அவரையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்து, தாமே உண்டு பார்த்து, கடும் வாந்தியால் அவதியுற்றார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் சோதனைச்சாலையைச் சேர்ந்த தாமோதரனும் இராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து ஆங்கில இதழில் வெளியிட்டனர். அதனால் மனித நோய் ஒன்று தணியக்கூடும் என்பதை அன்று எவரும் அறிந்திலர். புதிரை எழுப்பியதும் நம் நாட்டு வேர். விடையைத் தாங்கி நின்றதும் நம் நாட்டு விதை. இடையில் இருபது ஆண்டுகளும் பல நாடுகளின் உழைப்பும் தேவைப்பட்டன.

1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருந்ததைக் கண்டனர். மறு ஆண்டே லெவோடோபா அங்கே நோயாளருக்கு ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைச் சிறிது சிறிதாக அளவு கூட்டி வாய்வழியே நாள்தோறும் கொடுத்து நிலையான பலன் கண்டார். பின்னர் கார்பிடோபா என்னும் துணைப்பொருள் சேர்க்கப்பட்டது. அதனால் மருந்து உடலின் பிற பகுதிகளில் வீணாகாமல் மூளைக்குச் சென்றது, வாந்தியும் குறைந்தது. இன்றும் இந்நோயின் முதன்மையான மருந்து அதுவே.

இனிப் பெங்களூருக்கு வருவோம். மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை அடிப்படையாகக் கொண்டு, 1954இல் அகில இந்திய மனநல நிலையம் இங்கே நிறுவப்பட்டது. லெவோடோபா மாத்திரை வருமுன், அறுவை மருத்துவமே பல நோயாளருக்கு நம்பிக்கையாக இருந்தது. அந்நிலையத்தில் டாக்டர் ஆர். எம். வர்மா, மண்டையோட்டின் அடியிலுள்ள இயற்கைத் துளை வழியாக மூளையின் ஆழத்துக்கு ஊசி செலுத்தி நடுக்கத்தைத் தணிக்கும் முறையைக் கையாண்டார். 1974 டிசம்பர் 27ஆம் நாள் மருத்துவமனையும் நிலையமும் ஒன்றிணைந்து, நிமான்ஸ் என்று நாம் அறிந்த தேசிய மனநல, நரம்பியல் நிலையமாயின. ஆயுர்வேத ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றும் அவ்வளாகத்திலேயே செயற்பட்டது. இன்று அங்கே யோகமும் ஆயுர்வேதமும் நவீன மருத்துவத்தோடு இணைந்த துறையொன்று இயங்குகிறது. ஓசூர் சாலை வழியே கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் அங்கு வருகின்றனர்.

நம்மவர் பலர் மனத்தில் எழும் கேள்வி இதுதான். விதையிலும் அதே மருந்துதானே உள்ளது. பின் மாத்திரை எதற்கு? இக்கேள்வியை விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. பம்பாய் ஆராய்ச்சியாளர்கள் பூனைக்காலிப் பொடியை நடுக்குவாத நோயாளருக்குக் கொடுத்து 1978இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1995இல் அப்பொடியிலிருந்து செய்த மருந்தொன்று 60 பேருக்கு 12 வாரங்கள் தரப்பட்டு, பலன் உண்டென அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேறொரு குழு அங்கே இல்லை. 2004இல் இலண்டனில் எட்டுப் பேரிடம், எது எம்மருந்து என்று கொடுப்பவரும் உண்பவரும் அறியாவண்ணம் ஒப்பீடு நடந்தது. 30 கிராம் பொடி சராசரியாக 35 நிமிடத்தில் வேலை செய்தது. மாத்திரைக்கு ஏறக்குறைய 69 நிமிடம் ஆயிற்று.

இதைக் கேட்டு மகிழ்வோர், பின்னர் நடந்ததையும் கேட்டல் வேண்டும். பொலிவியா நாட்டில், மாத்திரை வாங்க இயலாத ஏழை நோயாளருக்கு இவ்விதை உதவுமா என்று ஆராய்ந்தனர். ஒரு வேளை கொடுத்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. ஆனால் 14 பேருக்கு 16 வாரங்கள் தொடர்ந்து கொடுக்க முற்பட்டபோது, வயிற்றுத் தொல்லையாலும் நடமாட்டம் குன்றியதாலும் ஏழு பேர் இடையில் நிறுத்திவிட்டனர். ஒரு நாள் பலன் வேறு. நெடுநாள் துணை வேறு. இந்நோயோ நெடுநாள் நோய்.

மேலும், மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்குண்டு. விதையிலோ அக்கணக்கு மண்ணுக்கும் வகைக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப மாறும்; கடையில் வாங்கும் பொடியிலும் அவ்வாறே. கார்பிடோபாவும் விதையில் இல்லை. மாத்திரை உண்பவர் மருத்துவர் அறியாமல் பொடியையும் உண்டால், இருமடங்கு மருந்து உண்டவராவார். அதனால் உடல் தானே முறுக்கி ஆடும். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரும். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதனினும் கொடிது. கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் கண்டு உயிருக்கே ஊறு நேர்தல் கூடும்.

அப்படியாயின் பழைய மருத்துவத்தைத் தள்ளிவிடுவதா? வேண்டியதில்லை. சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையார், நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றில் கண்ட குறிப்பைக் கொண்டு, மலேரியாவுக்குரிய ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்டார். 2015இல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் பழைய நூலை வணங்கி நின்றுவிடவில்லை; எள்ளி ஒதுக்கவும் இல்லை. சோதனைச்சாலைக்கு எடுத்துச் சென்றார். தாமோதரனும் இராமசுவாமியும் பூனைக்காலி விதைக்குச் செய்த மரியாதையும் அதுவே. மரபு சுட்டிக் காட்டும்; சோதனை நிறுத்துப் பார்க்கும். சுட்டிய விரல் துலாக்கோல் ஆகாது.

நேயர்களே! பிள்ளைகளோடு வாழ ஊரைவிட்டு வந்த நம் பெரியவர்கள், மொழி அறியாத நகரில் தம் நடுக்கத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவர். ஊர் வைத்தியர் தந்த பொட்டலத்தை, மகன் கோபிப்பான் என்று தலையணைக்கடியில் ஒளித்து வைப்போரும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தப் பொட்டலத்தையும் மாத்திரைச் சீட்டையும் ஒரே பையில் இட்டு, நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் அவர்முன் வையுங்கள். இறைச்சி, பருப்பு முதலிய புரத உணவு மாத்திரையின் வேகத்தைக் குறைக்கக்கூடுமாதலால், உண்ணும் நேரத்தையும் கேட்டறியுங்கள். நாள்தோறும் சிறிது நடை, கைகால் பயிற்சி, வாய்விட்டுப் படித்தல் ஆகியவற்றுக்குத் துணையாக வீட்டில் ஒருவர் உடனிருங்கள். இந்நோயை அடியோடு போக்கும் மருந்து எம்முறையிலும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் நடுங்கும் கை மீண்டும் சோற்றை வாய்க்குக் கொண்டுசெல்லும்படி செய்ய மருந்துண்டு. அதனை மறைக்காமலும் நிறுத்தாமலும் உண்ணச் செய்வது நம் கடமை.