மலையகத் தேயிலையில் தரம் பார்த்தல்

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் தேயிலையின் தரம் கொழுந்தை நிறுக்கும் மடுவத்திலேயே முதலில் பார்க்கப்படுகிறது. கணக்கப்பிள்ளை கூடைக்குள் கைவிட்டுக் கிளறுவார். இரண்டு இலையும் மொட்டுமாக எவ்வளவு, முற்றிய இலையும் குச்சியும் எவ்வளவு, அடிக்கொழுந்து சூடேறிச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஈரத்துக்கென்று நிறையில் கழிப்பதும் அங்கேதான். தொழிலாளரின் தீராத குறைகளில் இதுவும் ஒன்று.

இலங்கைத் தேயிலையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, பங்களா விறாந்தையில் இலையைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார். அவர் கண்ணும் மூக்கும்தான் அன்று அளவுகோல். 1883 ஜூலை 30இல் கொழும்பில் ஏலம் தொடங்கியபின் தீர்ப்பு சுவைஞரிடம் போயிற்று. பின்னாளில் சர்வதேச நியமமான முறை எளியது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். சுவைஞர் காய்ந்த இலை, ஊறிய இலை, சாயம் மூன்றையும் பார்த்து, ஒரு கரண்டியை உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிறார். அதற்கு முன்பே ஸ்டோரில், அதாவது தோட்டத் தொழிற்சாலையில், இலை புளித்த பதத்தை டீமேக்கர் மோந்தே சொல்வார். இறுதி ஈரம் ஏறத்தாழ 3 சதவீதம். அதிகமானால் பூஞ்சணம் பிடிக்கும்.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஆனாலும் நெடுங்காலம் தரம் என்றால் சுவையும் நிறமுமே. பாதுகாப்பை முதன்மையாக்கியவர்கள் வாங்கும் நாட்டினர். 2015இல் இலங்கையில் கிளைபோசேட் என்ற களைமருந்து தடை செய்யப்பட்டதும் களைக்கு மாற்று மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பான் சந்தையில் சிக்கலாயிற்று. 2018இல் தேயிலைக்கு கிளைபோசேட் தடை தளர்ந்தது. அதற்கு முன், 2017 டிசம்பரில், ஒரு தேயிலைச் சரக்கில் கப்ரா வண்டு என்ற பூச்சி கிடைத்ததற்காக ரஷ்யா சில நாள் இலங்கைத் தேயிலை இறக்குமதியையே நிறுத்தியது. வண்டு கண்ணுக்குத் தெரியும்; களைமருந்து எச்சத்தையோ எந்தச் சுவைஞரின் நாக்கும் காட்டிக்கொடுக்காது.

இலங்கையர் கருப்பட்டியோடு குடிக்கும் வில்வப்பூ, ஆவாரம்பூப் பானங்களுக்கும் இதே சோதனைகள் பொருந்தும். இதழின் நிறம், மணம், தண்டும் தூசியும் கலந்திருக்கும் அளவு ஆகியவற்றைக் கையாலேயே பார்த்துவிடலாம். சரியாக உலராத இதழ் பொட்டலத்துக்குள் பூஞ்சணம் பூக்கும். அலங்காரத்துக்கென வளர்த்து மருந்தடித்த பூவைப் பானத்துக்கு எடுக்கவே கூடாது. பூப்பானம் விற்போர் ஈரம், பூஞ்சணம், மருந்தெச்சம் மூன்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும்.