‘மக்கு’ இல்லை: 1896 முதல் ஓசூர் வரை

1/ ‘எழுத்தே ஏற மாட்டேங்குது டாக்டர், மக்கா இருக்கான்.’ ஓசூர் பக்கம் ஓபியில் அடிக்கடி கேட்கிற பேச்சு. இதற்கு 1896லயே பதில் வந்தாச்சு.

2/ அந்த வருஷம் இங்கிலாந்து டாக்டர் பிரிங்கிள் மார்கன் 14 வயசுப் பையன் ஒருத்தனைப் பத்தி எழுதினார். பார்வை சரி, கணக்கு நல்லா வரும்; ஆனா தன் பேரையே எழுத்து மாத்தி எழுதுவான். இன்னைக்கு அதுக்குப் பேர் டிஸ்லெக்ஸியா.

3/ நம்ம மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு சேர்ந்தது 2016ல். 120 வருஷம்!

4/ ஓசூரில் இன்னொண்ணும் உண்டு. பல வீடுகளில் தெலுங்கு, கன்னடம், வகுப்பில் தமிழ். புது மொழி பழக நாளாகும், அது குறைபாடு இல்லை. வீட்டு மொழியில் கதை சொல்லச் சொல்லிப் பாருங்க.

5/ முதலில் கண், காது பரிசோதனை. அப்புறமும் திணறினா மதிப்பீடு. அடி மட்டும் வேண்டாம்.