பித்தளையா, வெண்கலமா? கம்மி பட்ஜெட்டில் நல்ல டிரம் சிம்பல் வாங்குவது எப்படி?

செட்டிநாட்டு வீட்டு அடுப்படியில் ஒரு சின்ன டெஸ்ட் செய்து பார்க்கலாம். ஏறக்குறைய ஒரே அளவில் ஒரு வெண்கலப் பாத்திரம், ஒரு பித்தளைப் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பை இறுக்கிப் பிடிக்காமல், மடக்கிய விரலால் லேசாகத் தட்டுங்கள். பித்தளை சட்டென்று அடங்கிவிடும். வெண்கலம் 'ணங்ங்ங்...' என்று நீண்டு ஒலித்து, மெதுவாகத்தான் ஓயும். வீட்டில் பழைய பாத்திரம் இல்லையா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் இரண்டுமே கிடைக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்!

டிரம் செட்டுக்கு சிம்பல் வாங்கப் போகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். சர்ச் கொயர், காலேஜ் பேண்ட், திருவிழா மேடை லைட் மியூசிக் என எங்கே வாசித்தாலும் சரி, உங்கள் காசு சத்தத்துக்குப் போகுதா, வெறும் பளபளப்புக்குப் போகுதா என்பதை உலோகம்தான் முதலில் முடிவு செய்கிறது.

சிம்பலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சுமாரான டிரம்மைக்கூட நல்லதாக மாற்றிவிடலாம். தோலை (ஹெட்) மாற்றி, பொறுமையாக டியூன் செய்தால் விலை குறைந்த ஸ்நேர்கூட அழகாகப் பேசும். ஆனால், சிம்பலை டியூன் செய்ய முடியாது. வாங்கும்போது என்ன சத்தமோ, கடைசி வரை கிட்டத்தட்ட அதே சத்தம்தான். அதனால் பட்ஜெட் கம்மியாக இருந்தால் டிரம்மில் மிச்சம் பிடியுங்கள், சிம்பலில் பிடிக்காதீர்கள். நம்மில் பலர் செய்வது நேர் எதிர். ஐந்து பீஸ் டிரம் செட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதோடு இலவசமாக வரும் சிம்பலை வைத்தே சமாளிக்கப் பார்ப்போம்.

பெட்டியில் இருக்கும் பி8, பி20 என்றால் என்ன?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெள்ளீயம் கூடக் கூட உலோகம் கடினமாகும், அதிர்வும் நீளும். கூடவே, எளிதில் உடையும் தன்மையும் வந்துவிடும். 'பி' எழுத்துக்குப் பின்னால் வரும் எண், வெள்ளீயத்தின் சதவிகிதம்.

* பித்தளை: 'எம்.எஸ்.63' என்று போட்டிருந்தால், 63 சதவிகிதம் செம்பு உள்ள பித்தளை. மைன்ல் எச்.சி.எஸ், சேபியன் எஸ்.பி.ஆர் போன்ற ஆரம்ப நிலை வரிசைகள் பித்தளைதான். வீட்டில் பழக ஓகே. மேடைக்குப் போனால் சத்தம் தட்டையாகக் கேட்கும்.
* பி8: 92 சதவிகிதம் செம்பு, 8 சதவிகிதம் வெள்ளீயம். உருட்டிய தகட்டில் வட்டமாக வெட்டி எடுப்பார்கள். ஜில்ஜியன் ஐ, சேபியன் பி8எக்ஸ் இந்த ரகம். பிரகாசமான, கூர்மையான சத்தம். கம்மி பட்ஜெட்காரர்களுக்கு நியாயமான தொடக்கம் இதுதான்.
* பி12: ஜில்ஜியன் எஸ் வரிசை. பி8-க்கும் பி20-க்கும் நடுவில்.
* பி20: 80 சதவிகிதம் செம்பு, 20 சதவிகிதம் வெள்ளீயம். மணி வார்க்கும் வெண்கலத்துக்கு மிக நெருக்கமான கலவை. பொதுவாக ஒவ்வொன்றையும் தனித்தனியாக வார்த்து, காய்ச்சி உருட்டி, சுத்தியலால் தட்டி உருவாக்குவார்கள். ஜில்ஜியன் ஏ, கே போன்ற விலை உயர்ந்த வரிசைகள் இதில்தான் வருகின்றன. சேபியன் எக்ஸ்.எஸ்.ஆர், பி20-யில் கொஞ்சம் கைக்கு எட்டும் விலை. சீனாவின் வூஹான் சிம்பல்களும் பி20-தான், விலையும் குறைவு. ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. கேட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கலவைக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், அவெடிஸ் என்ற ஆர்மீனியர் செம்பையும் வெள்ளீயத்தையும் வைத்துச் செய்த சிம்பல்தான் ஜில்ஜியன் நிறுவனத்தின் தொடக்கம். அவர்கள் 1623-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்கிறார்கள். அதே குடும்பத்தின் ராபர்ட் ஜில்ஜியன் பிரிந்துபோய் 1981-ல் கனடாவில் தொடங்கியதுதான் சேபியன்.

ஆனால், எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 'லெட் ஜெப்லின்' டிரம்மர் ஜான் பான்ஹம் வாசித்த பைஸ்டி 2002 வரிசை, பி8 வெண்கலம்தான். உலோகத்தோடு, அதைத் தட்டி உருவாக்கிய விதமும் சேர்ந்துதான் சத்தம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

ஹை-ஹேட் வாங்குங்கள். ஒரு சினிமா பாட்டில் கிராஷ் பத்து இடத்தில் விழலாம். ஹை-ஹேட் பல்லவியிலிருந்து சரணம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பவர்கள் காதில் அதிக நேரம் விழுவது அதுதான். 14 இன்ச் வெண்கல ஹை-ஹேட் முதலில், 20 இன்ச் ரைடு இரண்டாவது, 16 அல்லது 18 இன்ச் கிராஷ் மூன்றாவது. மொத்தமாக ஒரு பித்தளை பாக்ஸ் செட் வாங்குவதைவிட, ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. முதல் சம்பளத்தில் ஒன்று, அடுத்த சீசன் கச்சேரிப் பணத்தில் இன்னொன்று. பித்தளை செட்டைப் பின்னாடி விற்கப் போனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. நல்ல வெண்கலத்துக்கு செகண்ட் ஹேண்டிலும் ஆள் இருப்பார்கள்.

எங்கே வாசிக்கப் போறீங்க?

மெல்லிய சிம்பல் தட்டியவுடன் திறந்து, சீக்கிரம் அடங்கும். ஸ்ருதி தாழ்வாக இருக்கும். கனமான சிம்பலில் ஸ்ருதி உயரும், சத்தமும் கூடும். சர்ச், சின்ன ஹால், வீட்டு மாடி என்றால் மெல்லியது போதும். கனமானதை அங்கே வைத்து அடித்தால் வெண்கலக் கடையில் யானை புகுந்த கதைதான், பாடுபவர் குரலே கேட்காது. திறந்தவெளித் திருவிழா மேடைக்கு மீடியம் கனம் சரியாக இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் என்ன பார்க்கணும்?

புது பித்தளை வாங்கும் காசில் பழைய வெண்கலம் கிடைத்தால் யோசிக்காதீர்கள். ஆனால் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

1. விளிம்பு: நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் விரிசலோ, சிதைவோ இருக்கிறது. விரிசல் விட்ட சிம்பலைப் பழையபடி ஆக்க வழியில்லை. வெல்டிங் வைத்தாலும் சத்தம் திரும்பாது.
2. நடு ஓட்டை: வட்டமாக இருக்க வேண்டும். சாவித் துவாரம் போல நீண்டிருந்தால், ஸ்டாண்டு கம்பியில் உரசித் தேய்ந்திருக்கிறது.
3. மேல் குமிழ் (பெல்): அடிப்பக்கமாகத் திருப்பி, வெளிச்சத்தில் மயிரிழைக் கோடு தெரிகிறதா பாருங்கள்.
4. சத்தம்: லேசாகத் தட்டும்போது 'ஜிர்ர்' என்று இரைந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

அழுக்கு, பச்சை பிடித்த நிறம், அழிந்துபோன லோகோ, இதெல்லாம் குறையே இல்லை. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்!

காதால் கேட்டு வாங்குங்க

முடிந்தவரை நேரில் போய்க் கேளுங்கள். காரைக்குடியில் காலையில் பல்லவன் ரயில் ஏறினால், சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூஸி மியூசிக்கல் மாதிரியான கடைகளுக்கு ஒரே நாளில் போய்விடலாம். உங்கள் ஸ்டிக்கையே கையோடு கொண்டுபோங்கள். ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி மெதுவாக, மிதமாக, பலமாக என மூன்று விதமாக வாசியுங்கள். ரைடில் ஸ்டிக் நுனியின் 'டிங்' தனியாகத் தெரிகிறதா, ஹை-ஹேட்டைக் காலால் மூடும்போது 'சிக்' சுத்தமாக விழுகிறதா என்று கேளுங்கள். பிறகு நண்பரை அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். ஆடியன்ஸ் கேட்கப் போவது அந்த சத்தத்தைத்தான்.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், டெமோ வீடியோவை போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஹெட்போன் போட்டு, ஒரே ஆள் ஒரே மைக்கில் பல சிம்பல்களை வாசிக்கும் வீடியோவைப் பாருங்கள். ரிட்டர்ன் வசதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க!

பித்தளைப் பாத்திரம் பளபளக்கப் புளி போடுவது நம்ம ஊர் வழக்கம். சிம்பலுக்கு அது வேண்டாம். புளியும், பாத்திரம் தேய்க்கும் பவுடரும் லோகோவையும் மேல்பூச்சையும் அழித்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்தால் போதும்.

ஸ்டாண்டில் மாட்டும்போது பிளாஸ்டிக் குழாயும், மேலும் கீழும் ஃபெல்ட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தச் சின்ன சாமான்கள் இல்லாததால்தான் நடு ஓட்டை தேய்கிறது. மேல் திருகை இறுக்கி முடுக்காதீர்கள். சிம்பல் ஆட இடம் இருந்தால்தான் விரிசல் விடாது. கிராஷை நேராகக் குத்தாமல், பக்கவாட்டில் வீசி அடித்துப் பழகுங்கள். சத்தம் ரொம்ப நீளுகிறது என்றால் அடிப்பக்கம் ஒரு துண்டு துணி டேப் ஒட்டினாலே அடங்கிவிடும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால், இன்று யோசித்து வாங்கும் வெண்கல ஹை-ஹேட், நீங்கள் டிரம் செட்டையே மாற்றும் நாளிலும் உங்களோடு புது செட்டுக்கு வரும்.